காட்டின் பச்சையும் கதிரவனின் கோணமும்



இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் தலைப்பைத் 'தொலையுணர்வில் ஒளி எதிரொளிப்பை அளத்தல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மிக அகலமான தலைப்பு. ஒரு மணி நேரத்தில் அதை முழுதும் சுற்றிவர முடியாது. ஆகவே ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். பதினைந்து ஆண்டுகள் அறிவியல் இதழ்களில் நடந்த வழக்கு அது. மழை குறைந்த மாதங்களில் அமேசான் காட்டின் பசுமை கூடுகிறதா, கூடவில்லையா என்பதுதான் கேள்வி. இதைத் தீர்க்கப் போனவர்கள், ஒளி எங்கிருந்து விழுகிறது, நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்ற அடிப்படைக்கே திரும்பி வர வேண்டியிருந்தது. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

2005ஆம் ஆண்டு அமேசானின் மேற்கிலும் தென்மேற்கிலும் கடும் வறட்சி. ஆற்றுக் கிளைகள் வற்றின. படகை விட்டால் வேறு போக்குவரத்தே இல்லாத ஊர்கள் துண்டிக்கப்பட்டன. காடும் வாடியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2007இல் ஸ்காட் சலெஸ்காவும் ஆல்ஃபிரடோ ஹூட்டெயும் மற்ற இருவரும் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை நேர்மாறாகச் சொன்னது. செயற்கைக்கோளில் பறக்கும் நாசாவின் மோடிஸ் கருவி எடுத்த தரவின்படி, வறட்சிக் காலத்தில் காடு வழக்கத்தைவிடக் கூடுதல் பசுமையோடு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹூட்டெ குழுவினர், ஆண்டுதோறும் வறண்ட மாதங்களில் அமேசானின் பசுமைக் குறியீடு ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஆழ வேரோடிய மரங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, மேகம் விலகியதால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது, அதனால் துளிர்க்கின்றன என்பது விளக்கம். கேட்க நம்பும்படியாகத்தான் இருந்தது.

2010இல் மறுப்பு வந்தது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் அரிந்தம் சமந்தா, ரங்கா மைனெனி முதலியோர் திருத்திய தரவுத் தொகுப்பை எடுத்து, புகையும் மேகமும் கலந்த பிக்சல்களை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். வறட்சிப் பகுதியின் பெரும்பரப்புக்கு நம்பத்தக்க தரவே மிஞ்சவில்லை. மிஞ்சிய இடத்திலும் பரவலான பசுமை ஏற்றம் இல்லை. 2014இல் நாசாவின் டக்ளஸ் மார்ட்டன் குழுவினர் 'நேச்சர்' இதழில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வறட்சி ஆண்டில் மட்டும் இல்லை, ஒவ்வோர் ஆண்டும் தெரியும் அந்த ஏற்றமே காட்டில் நடப்பதன்று. சூரியனும் கருவியும் நிற்கும் கோணம் மாறுவதால் வரும் தோற்றம் என்றார்கள்.

ஒரே செயற்கைக்கோள், ஒரே காடு. முடிவுகள் எப்படி இவ்வளவு விலகின? இதைப் புரிந்துகொள்ள முதலில் அமேசானை விட்டுவிட்டு நம் வயல் வரப்புக்கு வாருங்கள்.

காலை ஒன்பது மணி. முழங்கால் உயரம் வளர்ந்த நெல். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பாருங்கள். பயிர் வெளிறிய பச்சையாகப் பளிச்சென்று இருக்கும். ஒவ்வொரு இலையின் நிழலும் அந்த இலைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்வதால் உங்கள் கண்ணுக்குப் படுவதெல்லாம் வெயில் பட்ட பரப்புதான். நின்ற இடத்திலேயே கிழக்கே திரும்புங்கள். இப்போது தெரிவது இலைகளின் நிழல் பக்கம். வயல் கறுத்துத் தெரியும். இடையிடையே இலையை ஊடுருவி வரும் வெயில் மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும், சில இலைகளின் மெழுகுப் பரப்பு கண்ணைக் கூசச் செய்யும். ஒரு நிமிடத்துக்குள் பயிர் மாறிவிடவில்லை. சிவப்பு ஒளியில் அளந்தால் இந்த இரண்டு திசைகளுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு மடங்கு வேறுபாடு வருவது சாதாரணம்.

மேற்கே பார்த்து நிற்கும்போது உங்கள் தலையின் நிழல் விழும் இடத்தைக் கவனித்தால், அதைச் சுற்றி மட்டும் பயிர் கூடுதலாக ஒளிரும். நிழலே கண்ணுக்குத் தென்படாத ஒரே திசை அது. பனித்துளி இருந்தால் ஒளி இன்னும் கூடும். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி பென்வெனுட்டோ செல்லினி தம் தலை நிழலைச் சுற்றி இப்படி ஓர் ஒளிவட்டம் தெரிந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். தனக்கு மட்டும் கிடைத்த அருளாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார். விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்து காட்டின் மேல் பறந்தால், விமானத்தின் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சத் திட்டு கூடவே ஓடி வருவதைப் பார்க்கலாம். எங்கள் துறையில் இதை 'ஹாட் ஸ்பாட்' என்கிறோம். நிலவிலும் இப்படித்தான். முழு நிலவு அரை நிலவைவிட இரண்டு மடங்கு ஒளிர்ந்தால் போதும் என்று நினைப்போம்; உண்மையில் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளிர்கிறது. பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப்புறம் இருப்பதால் நிலவின் மேடுபள்ளங்களின் நிழல்கள் மறைந்துவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மயில்கழுத்து நிறப் பட்டுத்துணியை விரித்துப் போட்டால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் பச்சை. பாவும் ஊடும் வேறு வேறு நிறம். நிலப்பரப்பும் அப்படித்தான் நெய்யப்பட்டிருக்கிறது, வெயிலையும் நிழலையும் கொண்டு. அதற்கு ஒற்றை நிறம், ஒற்றை வெளிச்சம் கிடையாது.

இதை எண்ணாக்கிய வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மன் மொழி பேசிய அறிஞர் லாம்பர்ட் 1760இல் ஒரு கற்பனைப் பரப்பைப் பற்றி எழுதினார். எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது ஒரே பொலிவோடு இருக்கும். இயற்கையில் அப்படி ஒரு பரப்பு இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாக அது பயன்படுகிறது. 1977இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் வெளியீடாக ஃபிரெட் நிகோடெமஸும் உடனாசிரியர்களும் எழுதிய சிறு நூல் எதிரொளிப்பை ஒழுங்காக வரையறுத்தது. ஒளி வரும் திசைக்கு இரண்டு கோணங்கள்: உச்சியிலிருந்து எவ்வளவு சாய்வு, எந்தத் திக்கு. பார்க்கும் திசைக்கும் அதே இரண்டு. ஆக நான்கு கோணங்கள், அவற்றோடு அலைநீளம். இந்த ஐந்தையும் கொடுத்தால் பரப்பு எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று சொல்லும் சார்புக்கு பி.ஆர்.டி.எஃப். என்று பெயர். ஒரு பரப்பைப் பற்றி ஒளி சொல்லக்கூடியதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கியிருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்தச் சார்பை யாராலும் நேரடியாக அளக்க முடியாது. அது எல்லையற்றுக் குறுகிய கூம்புகளுக்கு எழுதப்பட்ட வரையறை. வயலில் நிற்கும்போது ஒளி சூரியனிடமிருந்து மட்டும் வருவதில்லை, வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. நீல அலைநீளத்தில் வானத்தின் பங்கு கணிசமானது. கருவியும் ஒரு புள்ளியைப் பார்ப்பதில்லை, ஒரு கூம்பைப் பார்க்கிறது. கூம்பின் அகலத்தை வைத்து நிகோடெமஸ் ஒன்பது வகை எதிரொளிப்புகளைப் பிரித்தது இதனால்தான். பல ஆய்வேடுகளில் எந்த வகை என்று சொல்லாமல் 'எதிரொளிப்பு' என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த எண்ணை எடுத்து இன்னொருவர் பயன்படுத்தவே முடியாது.

களத்தில் என்ன செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். முக்காலி ஒன்றின் மேல் ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைப் பலகை. ஸ்பெக்ட்ராலான் என்று பெயர்; பி.டி.எஃப்.இ. என்னும் பொருளின் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 99 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். முதலில் இந்தப் பலகையை அளக்கிறோம், உடனே பயிரை அளக்கிறோம், பிறகு வகுக்கிறோம். எல்லாத் துல்லியமும் இந்தப் பலகையின் தலையில்தான். சூரியன் உச்சியிலிருந்து 45 பாகை சாய்ந்திருக்கும்போது பலகை சூரியப் பக்கமாக ஒரு பாகை சாய்ந்தால் விடை 1.7 விழுக்காடு மாறிவிடும். ஆகவே ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்காமல் தொடங்கக் கூடாது. விரல் படக் கூடாது. தோலின் எண்ணெய் நீல ஒளியை உறிஞ்சும். அழுக்கானால் ஓடும் தண்ணீரில் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மேல்படலத்தை எடுக்க வேண்டும். அளப்பவர் வெள்ளைச் சட்டை போட்டுவரக் கூடாது, சட்டையின் ஒளியும் இலைமேல் விழும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய மேகம் வந்து போகும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பலகைக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்தது, கருவி எதைப் பார்க்கிறது? நம்மிடம் பரவலாக உள்ள நிறமாலைமானியின் ஒளியிழை 25 பாகைக் கூம்பில் பார்க்கும். ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால் கீழே 44 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம். நிலக்கடலையில் வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர். அந்த வட்டம் செடியையும் மண்ணையும் சேர்த்துப் பிடிக்கும். பருத்தியில் இடைவெளி பல மடங்கு அதிகம். வட்டம் செடியின் மேல் விழுந்தால் ஓர் எண், மண்ணின் மேல் விழுந்தால் வேறோர் எண். வரிசை கிழக்கு மேற்காகவா, வடக்கு தெற்காகவா என்பதும் விடையை மாற்றும். நிழல் வரிசைக்குள்ளேயே விழுகிறதா, இடைவெளியில் விழுகிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பல திசைகளில் அளக்க கோனியோமீட்டர் வேண்டும். சூரிக் பல்கலைக்கழகத்தார் 1990களில் செய்த ஃபிகோஸ் என்ற கருவி இதற்குப் புகழ்பெற்றது. தரையில் வட்டமான தண்டவாளம், அதன் மேல் இரண்டு மீட்டர் ஆரமுள்ள வில், வில்லின் மேல் நகரும் நிறமாலைமானி. அரைக்கோளம் முழுதும் சுற்றி வரும். ஆனால் சூரியன் காத்திருக்காது. கால் மணி நேரத்தில் ஏறத்தாழ நான்கு பாகை நகர்ந்துவிடும். இன்னொரு தடையும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமான ஹாட் ஸ்பாட் திசைக்குக் கருவி போனதும், கருவியின் நிழலே இலக்கின் மேல் விழுந்துவிடுகிறது. தரையில் நின்று அந்தத் திசையை அளக்கவே முடியாது. 1996இல் ஜப்பானின் அடியோஸ் செயற்கைக்கோளில் பறந்த பிரெஞ்சுக் கருவியான போல்டர்தான் உலகின் பலவகை நிலங்களின் ஹாட் ஸ்பாட்டை விண்ணிலிருந்து நுட்பமாகக் காட்டியது. அவ்வளவு உயரத்தில் நிழல் ஒரு பொருட்டே இல்லை. அந்தக் கோள் ஓராண்டுகூட உயிரோடு இருக்கவில்லை என்றாலும் அது தந்த தரவு இன்றும் பயன்படுகிறது.

இனி அமேசானுக்குத் திரும்பலாம். மோடிஸ் அந்த ஆண்டுகளில் 705 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபடி, இடதும் வலதுமாக 55 பாகை வரை சாய்த்துப் பார்த்து, 2330 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போகும். ஒரே மரம் இன்று கிழக்கிலிருந்தும் அடுத்த சில நாட்களில் மேற்கிலிருந்தும் பார்க்கப்படும். மோடிஸைச் சுமக்கும் டெர்ரா கோள் அப்போது காலை பத்தரை மணியளவில் நிலநடுக்கோட்டைக் கடந்தது. ஜூனில் அந்த நேரத்துச் சூரியன் வடகிழக்கில், தாழ்வாக இருக்கும். அக்டோபரிலோ நல்ல உயரத்தில், ஏறக்குறைய நேர் கிழக்கில் இருக்கும். மோடிஸ் வருடிப் பார்க்கும் தளமும் ஏறத்தாழ கிழக்கு மேற்குதான். ஆகவே அக்டோபரில் சூரியன், காடு, கருவி மூன்றும் ஒரே தளத்தில் அமைந்து, கருவி ஹாட் ஸ்பாட்டுக்கு மிக அருகில் போய்விடுகிறது. நிழல் மறைந்து, அண்மை அகச்சிவப்பு ஒளி உயர்கிறது. ஈ.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு அண்மை அகச்சிவப்பைப் பெரிதும் சார்ந்தது. சமன்பாட்டில் ஒரு மாறிலி கூட்டப்பட்டிருப்பதால் அது தூய விகிதமும் இல்லை, கோணத்தின் பாதிப்பு கழிந்துபோவதில்லை. ஜூனிலிருந்து அக்டோபர் வரை குறியீடு ஏறுகிறது. வறண்ட காலமும் அதே மாதங்கள்தான்.

மார்ட்டன் குழுவினர் இன்னொரு சாட்சியையும் அழைத்தார்கள். ஐஸ்சாட் கோளின் லேசர் கருவி, தன் ஒளியைத் தானே எடுத்துச் சென்றது. ஒளி புறப்படுவதும் திரும்புவதும் ஒரே வழியில். சூரியன் எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அந்த லேசர் அளவையில் காட்டின் கவிகை அமைப்பு அந்த மாதங்களில் மாறவில்லை.

கோணத்தின் பாதிப்பைக் கழிப்பதற்கான வழி அப்போதே இருந்தது. அதன் பின்னே நிற்கும் இரண்டு பெயர்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒருவர் எஸ்டோனியாவின் யுஹான் ராஸ். பயிருக்குள் இலைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன, வெயில் அவற்றுக்கிடையே எப்படிச் சிதறுகிறது என்று பல ஆண்டுகள் அளந்தவர். 1981இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நூல் இன்றும் எங்களுக்குப் பாடநூல். மற்றவர் சீனாவின் லி ஷியாவென். ஆலன் ஸ்ட்ராலருடன் சேர்ந்து, மரங்களை வடிவியல் உருவங்களாகக் கொண்டு அவற்றின் நிழல் எவ்வளவு தெரியும் என்று கணக்கிட்டவர். ராஸ் இலைக்குள் போனார், லி மரத்துக்கு வெளியே நின்றார். மோடிஸ் கணக்கில் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டன: ராஸ்–லி மாதிரி. பதினாறு நாட்களில் பல கோணங்களில் கிடைத்த அளவைகளை எடுத்து மூன்று எண்களாகச் சுருக்குகிறது. ஒன்று திசை சாராத பகுதி, இன்னொன்று இலைத்திரளின் சிதறல், மூன்றாவது நிழல். அந்த மூன்றும் கையில் இருந்தால் நேர் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்றும் கணக்கிடலாம், பரப்பு தன்மேல் விழும் ஒளியில் மொத்தமாகத் திருப்பியனுப்பும் பங்கான ஆல்பிடோவையும் கணக்கிடலாம். 2014இல் லி ஒரு விரிவுரையில் காலுறையின்றிக் கறுப்புத் துணிச் செருப்போடு உட்கார்ந்திருந்த புகைப்படம் சீனா முழுதும் பரவி, துணிச்செருப்பு அறிஞர் என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். அடுத்த ஆண்டு சனவரியில் காலமானார். உலகின் எல்லா நிலத்தின் ஆல்பிடோவும் நாள்தோறும் இவர் பெயர் தாங்கிய சமன்பாட்டின் வழியே கணக்கிடப்படுகிறது.

வழக்கு 2014இல் முடிந்துவிடவில்லை. அமேசானில் மேகம் மிகுதி. பதினாறு நாள் காத்திருந்தாலும் போதிய தெளிந்த கோணங்கள் கிடைக்காத இடங்கள் உண்டு. கோணத் திருத்தத்துக்குப் பிறகும் சிறு ஏற்றம் மிஞ்சுகிறது என்று சலெஸ்கா உள்ளிட்டோர் 2016இல் அதே 'நேச்சர்' இதழில் பதில் எழுதினார்கள். அதே ஆண்டு காட்டுக்குள் கோபுரங்களின் மேல் பொருத்திய சாதாரணக் கேமராக்கள் பேசின. வறண்ட மாதங்களில் மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துப் புதிய இலைகளை விடுகின்றன. இலையின் மொத்தப் பரப்பு அதிகம் மாறுவதில்லை. இலையின் வயது மாறுகிறது. முற்றிய இலையைவிட இளம் இலை அண்மை அகச்சிவப்பைக் கூடுதலாகத் திருப்புகிறது, ஒளிச்சேர்க்கையும் நன்றாகச் செய்கிறது.

என் தீர்ப்பைக் கேட்டால், இரு தரப்பும் ஒரு துண்டு உண்மையைக் கையில் வைத்திருந்தன என்பேன். காடு மாறத்தான் செய்கிறது. ஆனால் 2006இல் சொன்ன 25 விழுக்காடு காட்டுடையது அன்று. அதில் பெரும்பங்கு சூரியனுடையது. கோணத்தைக் கழிக்காமல் அதைக் காட்டின் கணக்கில் எழுதியதால் வறட்சியை அமேசான் எளிதில் தாங்கும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகள் உலவியது. ஒரு காட்டின் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை, கருவியின் பார்வைக் கோணத்தில் பிறந்துவிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இதைப் பாரமாகவே உணர வேண்டும்.

கடைசியாக வந்த சாட்சி கோஸ்–16 என்ற அமெரிக்க வானிலைக் கோள். 2025 வரை மேற்கு 75.2 பாகை நெடுங்கோட்டுக்கு நேர் மேலே அசையாமல் நின்று, பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை அரை உலகைப் படமெடுத்தது. அங்கு நின்றவரை அதன் பார்வைக் கோணம் மாறவில்லை, சூரியன்தான் மாறியது. அடிக்கடி படம் எடுத்ததால் மேக இடைவெளியும் நிறையக் கிடைத்தது. 2021இல் அந்தத் தரவை ஆராய்ந்த ஹஷிமோட்டோ குழுவினர் அமேசானின் பசுமையில் பருவ மாற்றம் உண்மையில் இருப்பதை உறுதி செய்தார்கள்.

நம் பகுதிக்கும் இப்படி ஒரு கண் கிடைத்திருக்க வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தைப் புவிநிலை வட்டப்பாதையில் இருந்தபடி தொடர்ந்து படமெடுக்க இஸ்ரோ உருவாக்கிய ஈ.ஓ.எஸ்.–03 கோள், 2021 ஆகஸ்ட் 12 அன்று ராக்கெட்டின் கிரையோஜெனிக் நிலை இயங்காமல் போனதால் இழக்கப்பட்டது. அந்த இழப்பை நான் இன்னும் பெரிதாகவே நினைக்கிறேன்.

இப்போது ஊருக்கு ஊர் டிரோன் வந்துவிட்டது. நண்பகலில் பறக்கும் டிரோனின் அகன்ற லென்சுக்குள் அதன் நிழலும் அதைச் சுற்றிய ஹாட் ஸ்பாட்டும் விழுகின்றன. படங்களை ஒட்டித் தைத்தால் வயலில் வரிவரியாகப் பளிச்சும் மங்கலும் வரும். அதை இலைப்பச்சையின் அளவென்று எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் யூரியா குறைவு என்று ஒரு விவசாயிக்குச் சொல்வது அவருடைய பணத்தோடும் மண்ணோடும் விளையாடுவது. டிரோன் படத்தைக் கையாளும் ஒவ்வொரு மாணவரும் பறந்த நேரம், சூரியனின் கோணம், வரிசையின் திசை மூன்றையும் படத்தோடு சேர்த்துப் பதிந்து வைக்க வேண்டும்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ஸ்பெக்ட்ராலானின் மூலப்பொருளும், குழாய் மரைக்குச் சுற்ற ஹார்டுவேர் கடையில் விற்கும் டெஃப்ளான் டேப்பும் வேதியியலில் ஒன்றே. அதைப் பல அடுக்காகத் தட்டைப் பலகையில் இழுத்துச் சுற்றினால் பயிற்சிக்குப் போதுமான வெள்ளைப் பலகை கிடைக்கும். ஒரு கம்பம், அதன் மேல் சிவப்புக்கு ஓர் உணரி, அண்மை அகச்சிவப்புக்கு ஓர் உணரி. இரண்டையும் ஒரே சாய்வில் இறுக்கிவிட்டு, ஒரு தெளிந்த நாளில் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து வரை கால் மணிக்கு ஒருமுறை பலகையையும் பயிரையும் அளந்து எழுதுங்கள். பார்வை அசையாது, சூரியன் மட்டும் நகரும். விதைப்பிலிருந்து அறுவடை வரை வாரம் ஒரு நாள் இப்படிச் செய்தால் ஒரு பயிரின் கோணக் கணக்கு முழுதாகக் கையில் இருக்கும். செய்ய முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். கம்பத்தை எங்கே நடுவது என்பதிலிருந்து தொடங்கலாம்.